அமைச்சும் மொழியும்: மலேசியக் கல்வி அமைச்சின் வரலாற்றில் சில சொற்கள்



கெலுகோரில் நின்று கல்வியைப் பற்றிப் பேசுவது பொருத்தமான செயலே ஆகும். இங்குள்ள குன்றின்மேல் இருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1969ஆம் ஆண்டில் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் தன் முதல் வகுப்புகளைத் தொடங்கியது. 1971இல் அது மிண்டன் வளாகத்திற்குப் பெயர்ந்து, இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அதன் துணைவேந்தராக இருந்த மூசா முகமட் பின்னர் 1999 முதல் 2004 வரை நாட்டின் கல்வி அமைச்சராகப் பணியாற்றினார். ஆசிரியரை உருவாக்கிய மண்ணும் அமைச்சரை அனுப்பிய மண்ணும் இதுவே. ஆகவே, கல்வி அமைச்சின் வரலாற்றை இங்கே பேச முற்பட்டோம்.

எனினும், யாம் வரலாற்றாசிரியர் அல்லோம், மொழியியல் பயின்றோம். சொற்களைக் கொண்டே வரலாற்றை அணுகுவது எம் பழக்கம். ஆண்டுகளையும் பெயர்களையும் கூறும்போதும், அவற்றின் அடியில் கிடக்கும் சொற்களையே உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

முதலில் ‘அமைச்சு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளின் 64ஆம் அதிகாரத்தின் பெயர் அமைச்சு. அங்கே அச்சொல் அமைச்சரையும் அமைச்சருக்குரிய தன்மையையும் குறிக்கின்றது. தமிழகத்தில் இன்று அலுவலகத்தைக் குறிக்க ‘அமைச்சகம்’ என்கின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் ‘அமைச்சு’ என்றே வழங்குகின்றோம். ஆளைக் குறித்த சொல் நம் நாட்டில் நிறுவனத்தைக் குறிக்கலாயிற்று. மலாய்மொழியின் ‘மந்திரி’ வடமொழி வழி வந்த சொல்; அதிலிருந்து பிறந்ததே ‘கெமெந்திரியான்’. ஆள் வேறு, நிறுவனம் வேறு என்பதை இரு மொழிகளும் தத்தம் வழியில் வேறுபடுத்திக் காட்டுகின்றன. ஆள் மாறுவார், நிறுவனமும் அதன் சட்டச் சொற்களும் நின்று நிலவும். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

அமைச்சுக்கு முன்

கல்வி அமைச்சு என ஒன்று தோன்றுமுன்னரே இந்நாட்டில் தமிழ்க்கல்வி இருந்தது. 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது என்பதனைத் தொடக்கமாகக் கொண்டே 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பெற்றது. கிரீன் லேன் வழியாக இங்கு வந்தோர் அப்பள்ளியின் இன்றைய கட்டடத்தைக் கடந்தே வந்திருப்பீர்கள்.

ஆனால், தமிழ்ப்பள்ளிகள் பெருகியது நகரத்தால் அன்று, தோட்டத்தால். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் எனப் பணித்தன. அவை தொழிலாளர் சட்டங்கள். கல்விச் சட்டங்கள் அல்ல என்பதனை மாணவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றோடு ஒன்றாகவே பள்ளியும் எண்ணப்பட்டது. தொழிலாளியைத் தோட்டத்தில் நிறுத்திவைக்கும் வசதிகளுள் ஒன்றாகத் தமிழ் நுழைந்தது. மொழிக்குரிய உரிமையாக அது நுழையவில்லை. நம் பள்ளிகளின் நெடுங்கால வறுமைக்கான விதை அவ்வொரு சொல்லில், ‘தொழிலாளர்’ என்னும் சொல்லில், ஊன்றப்பட்டது எனலாம்.

முதல் பொறுப்பாளர் ஒரு தமிழர்

1951இல் ஆங்கில அரசு, விடுதலைக்கு முன்னோட்டமாக, துறைப்பொறுப்பாளர் முறையைக் கொண்டுவந்தது. கல்விக்குப் பொறுப்பாளராக அமர்த்தப்பெற்றவர் யாழ்ப்பாணத் தமிழ் வழியினரான வழக்கறிஞர் இ. இ. சி. துரைசிங்கம். இனங்களுக்கிடையே நல்லுறவு காண 1949இல் அமைந்த சமூகத் தொடர்புக் குழுவின் தலைவராகவும் அவரே இருந்தார். 1955 வரை கல்விப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அமைச்சர் என்னும் பெயர் வருமுன் அமைச்சரின் பணியைச் செய்தவர் ஒரு தமிழர் என்பதை நம் மாணவர்களுள் பலர் அறியார்.

ஆனால், பெருமிதத்தோடு நின்றுவிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. அதே காலத்தில்தான் மலாய்க் கல்வியைப் பற்றிய பார்ன்ஸ் அறிக்கையும், சீனக் கல்வியைப் பற்றிய பென்-ஊ அறிக்கையும் 1951இல் வெளிவந்தன. அவற்றைத் தொடர்ந்து 1952ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மலாய், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயிற்றுமொழிகளாகக் கொண்ட தேசியப் பள்ளிகளே அச்சட்டத்தின் நோக்கம். தமிழும் சீனமும் அப்பள்ளிகளுள் பாடங்களாக அமையும். அதுவும் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் மட்டுமே. பணப்பற்றாக்குறையால் அத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், ‘பதினைந்து’ என்னும் எண் சட்டத்தில் தங்கிவிட்டது. கல்விக்குத் தலைமை ஏற்றவர் தமிழராக இருந்த காலத்திலேயே தமிழ் பயிற்றுமொழி நிலையிலிருந்து பாடமொழி நிலைக்கு இறங்குவதற்கான வரைவு எழுதப்பட்டது. இதனைக் கூறுவது அப்பெரியாரைப் பழிப்பதற்கு அன்று. தலைமையில் நம்மவர் ஒருவர் அமர்ந்தால் மொழி காக்கப்படும் என்னும் நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதனைக் காட்டுவதற்கே ஆகும். அவருக்குப் பின் இன்றுவரை முழு அமைச்சராகத் தமிழர் எவரும் அப்பொறுப்பில் அமர்ந்ததில்லை.

இரசாக் முதல் இன்றுவரை

1955ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் துன் அப்துல் இரசாக் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கை 1956இல் வெளிவந்தது; அதன் அடிப்படையில் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உருவாயிற்று. பயிற்றுமொழி எதுவாயினும் பாடத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. மலாய் தேசியமொழியாக வளர்வதோடு ஏனைய இனத்தாரின் மொழியும் பண்பாடும் காக்கப்பட்டு வளர்க்கப்படும் என்னும் கருத்தும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. தோட்டக் கொட்டகையில் இருந்த பள்ளி முதன்முறையாக நாட்டின் கல்வியமைப்புக்குள் வந்தது. இதனை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

1960இல் இரகுமான் தாலிப் அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்தன. தொடக்கக்கல்வி கட்டணமின்றிக் கிடைத்தது. அதேவேளையில் இரு மாற்றங்களும் நேர்ந்தன. அரசின் முழு உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளில் மலாயும் ஆங்கிலமுமே பயிற்றுமொழிகளாயின. அச்சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தக்க தருணத்தில் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. 35 ஆண்டுகள் அந்த ஒரு பிரிவு நம் பள்ளிகளின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை.

அமைச்சர்களின் வரிசையைப் பார்ப்போமாயின் ஒரு வியப்பு தோன்றும். இதுவரை இந்நாட்டின் பிரதமராக இருந்தோர் ஒன்பதின்மர். அவர்களுள் எழுவர், அதாவது அப்துல் இரசாக், உசேன் ஓன், மகாதீர், அப்துல்லா அகமட் படாவி, நஜிப், முகிதீன், அன்வார் ஆகியோர், ஒரு காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர்களே. துங்கு அப்துல் ரஹ்மானும் இஸ்மாயில் சப்ரியும் மட்டுமே விலக்கு. இவர்களுள் அப்துல்லா கெப்பாளா பத்தாஸ் தொகுதியைச் சார்ந்தவர். அன்வார் புக்கிட் மெர்தாஜாம் பகுதியில் பிறந்தவர். இருவரும் பினாங்கு மாநிலத்தவரே. 2022இல் பொறுப்பேற்ற பத்லினா சீடேக் இப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி. அவர் நிபோங் தெபால் நாடாளுமன்ற உறுப்பினர்.

கல்வி அமைச்சு பிரதமர் நாற்காலிக்கு ஏறும் படியாக இருந்ததால் அதற்கு மதிப்பு மிகுந்தது. ஆனால், படியில் நெடுநேரம் நிற்போர் இலர். ஒவ்வொரு தலைமையும் தன் அடையாளமாக ஒரு மாற்றத்தை விட்டுச் சென்றது. 1969இல் இரகுமான் யாக்கூப், ஆங்கிலப் பள்ளிகள் அடுத்த ஆண்டின் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய்க்கு மாறும் என அறிவித்தார். மகாதீர் தலைமையிலான அமைச்சரவைக் குழு 1974இல் அமைக்கப்பெற்று 1979இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 1983இல் நாடெங்கும் தொடங்கியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அம்முடிவு மாற்றப்பட்டது. உயர்கல்விக்கெனத் தனி அமைச்சு 2004இல் பிறந்து, 2013இல் இணைந்து, 2015இல் பிரிந்து, 2018இல் இணைந்து, 2020இல் மீண்டும் பிரிந்தது.

இவற்றுள் 2003ஆம் ஆண்டு முடிவைப் பற்றி மொழியியலார் என்ற முறையில் ஒன்று கூறல் வேண்டும். ஒரு மொழியில் கலைச்சொற்கள் அகராதியில் வாழ்வதில்லை, வகுப்பறையில் வாழ்கின்றன. ‘பின்னம்’, ‘ஒளிச்சேர்க்கை’, ‘செவ்வகம்’ ஆகிய சொற்களை ஏழு வயதுப் பிள்ளை வாயால் கூறும்போதுதான் அவை உயிருள்ள சொற்கள். ஒரு தலைமுறை மாணவர் அச்சொற்களைக் கேளாமல் ஆறு ஆண்டுகளைக் கடந்தால், அடுத்து ஆசிரியராக வருவோர் அவற்றைப் புதிதாய்க் கற்றாக வேண்டும். முடிவை மாற்ற ஓர் அறிவிப்புப் போதும். சொற்களை மீட்க ஆண்டுகள் பல வேண்டும்.

‘வகை’ என்னும் சொல்

இனி, ஒரு சிறிய சொல்லைப் பார்ப்போம். இரசாக் அறிக்கை பள்ளிகளைத் ‘தரப் பள்ளி’ எனவும் ‘தர வகைப் பள்ளி’ எனவும் இரண்டாகப் பிரித்தது. அறுபதுகளில் அவை ‘தேசியப் பள்ளி’ எனவும் ‘தேசிய வகைப் பள்ளி’ எனவும் பெயர் மாறின. ‘வகை’ என்பது என்ன செய்கின்றது? இது தேசியப் பள்ளி அன்று, ஆனால் அதனைப் போன்றது என்கின்றது. உள்ளே வைப்பதும் வெளியே நிறுத்துவதும் ஆகிய இரண்டையும் ஒரே சொல் செய்கின்றது. தேசியப் பள்ளிக்குக் கட்டடமும் நிலமும் அரசின் பொறுப்பு. ‘வகை’ சேர்ந்த பள்ளிகளுள் மிகப்பல அரசின் பகுதி உதவியை மட்டுமே பெற்று, நிலத்திற்கும் கூரைக்கும் தோட்ட நிருவாகத்தையும் பொதுமக்களையும் நோக்கி நின்றன. ஒரு சொல்லின் விலை ஒரு கூரையின் விலை.

அச்சொல்லோடு இணைத்துப் பார்க்கவேண்டிய எண்களும் உள. விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 528. பினாங்கு மாநிலத்தில் 28. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும் இக்குறைவின் காரணங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை பின்னர் எண்பதாயிரத்தை ஒட்டி இறங்கியது. குடும்பங்கள் சிறுத்ததும் பெற்றோரின் தேர்வும் இதற்குக் காரணங்கள். இவ்விறக்கத்திற்கு எந்த அமைச்சரும் ஆணையிடவில்லை.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்னும் வழக்கும் அண்மையில் நடந்தது. 2021இன் இறுதியில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி வழங்கவில்லை. எந்த மொழியையும் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் தடையில்லை என்னும் 152ஆம் பிரிவே அங்கே நமக்கு அரணாயிற்று. ஆக, நம் பள்ளிகளைக் காத்தவையும் சொற்களே.

பதினைந்தாவது கையொப்பம்

இனி, எம் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறிப் பின் முடிவுக்கு வருவோம். யாம் செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்றோம். எழுபதுகளின் தொடக்கத்தில் நகரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். அங்கே தமிழ் வகுப்பு இல்லை. கேட்டபோது, பதினைந்து மாணவரின் பெற்றோர் எழுதிக் கேட்டால் நடத்தலாம் என்றார்கள். பதினான்கு கையொப்பங்கள் கிடைத்தன. எம் தாயார் பால்மரம் வெட்டுபவர், எழுத்தறியார். கையொப்பம் இடத் தெரியாதவரிடம் யார் சென்று கேட்பது என்று எண்ணி, யாமே அவரிடம் தாளைக் காட்டவில்லை. அந்த ஆண்டு வகுப்புத் தொடங்கவில்லை.

மறு ஆண்டு, வேறொரு மாணவனின் தந்தை வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோது எம் தாயாருக்குச் செய்தி தெரிந்தது. “என்னைக் கேட்டிருக்கக் கூடாதாப்பா?” என்று மட்டும் கேட்டார். மைப்பெட்டியை வாங்கிவரச் சொல்லிக் கட்டைவிரலைப் பதித்தார். பதினைந்தாவது பெயர் அவருடையது. வகுப்பு தொடங்கிற்று. பின்னாளில் யாம் தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றோமாயின், அதன் வேர் அந்த மைத்தடத்தில் இருக்கின்றது. ஓராண்டு வகுப்பு இல்லாமற்போனதற்கு அமைச்சரோ பள்ளியோ மட்டும் காரணம் அல்லர். வெட்கப்பட்ட ஒரு சிறுவனும் காரணம் என்பதனை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றோம்.

அந்தப் பதினைந்து இன்றும் சட்டத்தில் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை ஆசிரியர்கள் ஒருமுறை கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்குப் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டல் என்பதோடு, நடத்துதல் இயலக்கூடியதாக இருத்தல் என்னும் மற்றொரு நிபந்தனையும் உண்டு. தமிழுக்கும் சீனத்திற்கும் அம்மற்றொரு நிபந்தனை இல்லை. பெற்றோர் கேட்பதே போதும். சட்டம் இதைவிடத் தெளிவாகப் பேச இயலாது. மேலும், கேட்க வேண்டியவர் அமைச்சர் அல்லர்; தலைமையாசிரியர் அல்லர்; கட்சித் தலைவர் அல்லர்; பெற்றோர். இவ்வதிகாரத்தைச் சட்டம் எழுத்தறியாத ஒரு தாய்க்கும் வழங்கியிருக்கின்றது.

ஆகவே, இங்குள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றார் என்னும் பட்டியலை எடுங்கள். ஒரே பள்ளிக்குச் செல்வோரின் பெற்றோரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துங்கள். விண்ணப்பக் கடிதத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கடிதம் ஆண்டின் தொடக்கத்தில், கால அட்டவணை வகுக்குமுன், பள்ளியைச் சென்றடையட்டும். மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுங்கள். தேர்வு எழுதுவோர் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பணியிடம் குறைந்தால் வகுப்புக் குறையும். இச்சங்கிலியின் முதற்கண்ணி உங்கள் கையில் உள்ளது.

நிறைவாக, மீண்டும் ஒரு சொல். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்போரையும் உட்படுத்துவது ‘நாம்’, கேட்போரை நீக்கிப் பேசுவது ‘நாங்கள்’. பழந்தமிழில் ‘யாம்’. மலாயிலும் அவ்வாறே: ‘கீத்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. இந்நாட்டின் முதல் கல்வி அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன; ஆதலின், அவற்றில் வரும் பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்பது அன்றுமுதல் இன்றுவரை வழக்காடப்படுகின்றது. தமிழரும் மலாய்க்காரரும் இக்கேள்வியைத் தம் தாய்மொழியிலேயே தெளிவாகக் கேட்க வல்லவர்கள். தேசியக் கல்வி என்பதில் உள்ள சொல் ‘கீத்தா’வாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதற்கு நம் பங்காக, யாமும் இவ்வுரை முழுவதும் வழங்கிய ‘யாம்’ என்பதனை இங்கே விடுத்து, ‘நாம்’ என்றே முடிக்கின்றோம்: நாம் கேட்போம், பதினைந்து பேராகக் கேட்போம்.